கேஸ் பர்னரில் பீர் காய்ச்சும் அண்டாவுக்கு வெப்ப உறை போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுவதைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழும் தமிழ் வாசகர்களுக்காக இது எழுதப்படுகிறது. கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் ஒரே அண்டாவை எடுத்துக்கொள்கிறேன்: 35 சென்டிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள எவர்சில்வர் அண்டா, அதில் 25 லிட்டர் தண்ணீர், 5 கிலோ மால்ட் (முளைக்கவிட்டு உலர்த்திய பார்லி). அடியில் மணிக்கு ஏறத்தாழ 55,000 பிடியு, அதாவது 16 கிலோவாட் திறன் கொண்ட புரொப்பேன் பர்னர். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறோம். இதை மாஷ் என்பார்கள். பிறகு சக்கையை எடுத்துவிட்டு, அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறோம். முதல் கட்டத்துக்கு நல்லதாக இருக்கும் உறை இரண்டாம் கட்டத்தில் ஆபத்தாகிவிடுகிறது. கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

அண்டாவைச் சுற்றி உறை போட்டால் கேஸ் மிச்சமாகுமா?

நினைக்கிற அளவுக்கு ஆகாது. 25 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்றத் தேவைப்படும் வெப்பம் ஏறத்தாழ 8.4 மெகாஜூல். மேலே சொன்ன பர்னர் இதை 25 நிமிடத்தில் செய்தால், அதற்குள் 24 மெகாஜூல் கேஸை எரித்திருக்கும். அதாவது, எரித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி எங்கே? அண்டாவின் பக்கச் சுவர் வழியாக அந்த 25 நிமிடத்தில் வெளியேறுவது, காற்று அதிகம் இல்லாத நாளில், கால் மெகாஜூலைத் தாண்டாது. இழப்பு கிட்டத்தட்ட முழுவதும் அண்டாவின் ஓரங்களைத் தழுவிக்கொண்டு மேலே போய்விடும் சூடான எரிவாயுப் புகையில்தான் இருக்கிறது.

இதையும் யோசித்துப் பாருங்கள். தீ எரியும்போது அந்தப் புகை, பக்கச் சுவரைவிடப் பலமடங்கு சூடாக இருக்கிறது. எனவே அந்த நேரத்தில் சுவர் வெப்பத்தை இழப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது. அதன் மேல் கம்பளியைச் சுற்றினால், உள்ளே வரவேண்டிய வெப்பத்தையே வெளியே நிறுத்துகிறோம். நம் ஊர் வீடுகளில் இருந்த செம்பு வெந்நீர் பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் புகைக்குழாய் தண்ணீருக்கு நடுவே செல்லும். வெளியேறும் புகையிடமிருந்தும் வெப்பத்தைக் கறந்துவிடும் ஏற்பாடு அது. கேஸை மிச்சப்படுத்த வேண்டுமானால் போகவேண்டிய வழி அதுதான்.

புகையின் வெப்பத்தைப் பிடிக்க என்ன செய்யலாம்?

அண்டாவைச் சுற்றி, இடைவெளி விட்டு, ஒரு தகட்டு வளையம் நிறுத்தலாம். எவர்சில்வர் தகடு சிறந்தது. இடைவெளி ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இருக்கட்டும். வளையத்தின் கீழ் விளிம்பு அண்டாவின் அடிமட்டத்தோடு நின்றுவிட வேண்டும். பர்னர் வரை இறங்கக் கூடாது. மேல் விளிம்பு திறந்தே இருக்க வேண்டும். புகை அந்தச் சந்து வழியாகச் சுவரை உரசிக்கொண்டு ஏறும்.

இதில் கவனிக்க வேண்டியது தீயின் நிறம். வளையம் போட்ட பிறகும் சுவாலை நீலமாக, நிலையாக எரிய வேண்டும். மஞ்சள் நுனி தெரிந்தாலோ, அண்டாவின் அடியில் கரி படிந்தாலோ, தீக்குக் காற்றுப் போதவில்லை என்று பொருள். இடைவெளியை அகலமாக்குங்கள், அல்லது வளையத்தை எடுத்துவிடுங்கள். அண்டாவிலிருந்து சாற்றை வடிக்கும் வால்வு இருக்கும் பக்கத்தில் கையளவு அகலத்துக்குத் தகட்டை வெட்டி விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் புகை முழுவதும் வால்வின் மேல் அடிக்கும்.

துத்தநாகம் பூசிய தகடு மலிவாகக் கிடைக்கிறது. அதைத் தீக்கு அருகில் வைக்காதீர்கள். துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும்; கடும் சூட்டில் அதன் புகை காய்ச்சலும் குளிரும் வரவழைக்கும்.

அப்படியானால் உறை யாருக்குத்தான் தேவை?

தீயை அணைத்துவிட்டு, அதே அண்டாவில் மாஷை ஒரு மணி நேரம் வைத்திருப்பவர்களுக்கு. துணிப்பையில் மால்ட்டைப் போட்டு ஒரே அண்டாவில் எல்லா வேலையையும் முடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகை.

20 டிகிரி குளிரில், காற்று வீசாத இடத்தில், உறையில்லாத அண்டா மணிக்கு 4 அல்லது 5 டிகிரி இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். காற்று அடித்தால் இன்னும் வேகமாக இறங்கும். 67 டிகிரியில் தொடங்கி 62 டிகிரியில் முடிந்தால், பீட்டா அமைலேஸ் என்ற நொதியின் கை ஓங்கும். சாறு அதிகமாக நொதிக்கும், பீர் நீர்த்த வாயுணர்வோடு வரும். உறை போட்டால் இறக்கத்தை ஓரிரு டிகிரிக்குள் அடக்கிவிடலாம்.

ஆனால் இதற்காகப் பதறவும் வேண்டாம். இன்றைய மால்ட்டில் மாற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. கடைசி இருபது நிமிடத்தில் 2 டிகிரி குறைந்துவிட்டதே என்று, உறையைச் சுற்றியபடியே பர்னரைப் பற்றவைப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்த 2 டிகிரி நாவுக்குத் தெரியாது. அதற்காகத் தீவிபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

மாஷ் நேரத்துக்கு எதைப் போர்த்தலாம்?

தீ அணைந்திருக்கும் வரை வீட்டில் இருப்பதே போதும். தடித்த கம்பளி, பழைய ரஜாய், முகாமுக்கு எடுத்துப்போகும் ஸ்லீப்பிங் பேக், எல்லாமே நன்றாக வேலை செய்யும். முதலில் மூடியின் மேல் போர்த்துங்கள். பிறகு பக்கங்கள்.

போர்வையின் நுனி வால்வின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போர்வையை இழுக்கும்போது வால்வும் திறந்துகொண்டால், 67 டிகிரிச் சாறு காலில் கொட்டும். அந்தச் சூட்டில் தோல் வெந்துபோக ஒன்றிரண்டு விநாடியே போதும்.

தீயை அணைத்த உடனே போர்த்தலாமா?

கூடாது. தீ போய்விட்டாலும், பர்னரின் வார்ப்பிரும்பு வளையமும் தாங்கு கம்பிகளும் பல நிமிடங்கள் கடும் சூட்டோடு இருக்கும். நைலானும் பாலியெஸ்டரும் அதில் பட்டவுடன் உருகி ஒட்டிக்கொள்ளும். அண்டாவைத் தூக்கிப் பலகையில் வைத்துவிட்டுப் போர்த்தலாமே என்பார்கள். 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள வெந்நீர் அண்டாவைத் தனியாளாகத் தூக்குவது எனக்கு உடன்பாடில்லை. அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மால்ட்டைக் கொட்டிக் கிளறி, வெப்பத்தைச் சரிபார்ப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். அதன் பிறகு, பர்னருக்கு அருகே கையைக் கொண்டுபோய்ச் சூடு தெறிக்கிறதா என்று பார்த்து, அண்டாவின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் மட்டும் போர்த்துங்கள். போர்த்துவதற்கு முன் சிலிண்டரின் வால்வை மூடிவிடுங்கள். பர்னரின் திருகை மட்டும் மூடுவது போதாது.

குமிழித் தாளை நிரந்தரமாகச் சுற்றிவிட்டால் என்ன? 82 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதே, மாஷ் 67 டிகிரிதானே?

ரிஃப்ளெக்டிக்ஸ் போன்ற, இருபுறமும் பளபளக்கும் குமிழித் தாள்களைப் பற்றிய கேள்வி இது. அதிகமாக வருவதும் இதுதான். வெளியே தெரிவது உலோகப் பளபளப்பு. உள்ளே இருப்பது பாலித்தீன் குமிழிகள். மாஷுக்கு 82 டிகிரி போதும் என்பது உண்மை. ஆனால் அதே அண்டாவில் அடுத்த வேலை கொதிக்க வைப்பது. சாறு 100 டிகிரிக்கு வந்தவுடனேயே அந்த எல்லை தாண்டப்பட்டுவிடுகிறது.

அதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. நம் அண்டாவில் சாறு நிற்பது அடியிலிருந்து 30 சென்டிமீட்டருக்கும் கீழே. அதற்கு மேலே உள்ள சுவருக்குள் திரவம் இல்லை. திரவம் தொடும் சுவர் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். திரவம் தொடாத சுவரைக் குளிர்விக்க எதுவும் இல்லை. பக்கவாட்டில் ஏறும் புகை அந்த வறண்ட பகுதியைத் தாறுமாறாகச் சூடேற்றும். பாலித்தீன் உருகி வழிந்து, கீழே தீயில் சொட்டி எரியும். சொட்டும் பிளாஸ்டிக் தீயைக் கூடவே சுமந்து இறங்கும்.

குமிழித் தாளை விரும்பினால் பட்டி வைத்துக் கழற்றும் சட்டைபோலச் செய்துகொள்ளுங்கள். பர்னரைப் பற்றவைக்கும் முன் சட்டையைக் கழற்றிவிட்டோமா என்று ஒருமுறை பாருங்கள். நல்ல பழக்கம் இது.

ஸ்பிரே ஃபோம்? யோகா பாய்? தெர்மாகோல்?

எரியும் அண்டாவில் இவை மூன்றும் வேண்டாம். பாலியூரிதேன் ஃபோம் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு உண்டு.

மரப்பட்டை வைத்து அலங்கரித்த அண்டாக்கள் அழகாக இருக்கின்றனவே?

மின்சார அண்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். தீக்கு மேலே வேண்டாம். மரம் ஒரே நாளில் பற்றாமல் போகலாம். திரும்பத் திரும்பச் சூடேறிக் கருகிய மரம் முன்பைவிடக் குறைந்த சூட்டில் பற்றும்.

தீ எரியும்போதும் உறை இருந்தே ஆகவேண்டும் என்றால், எந்தப் பொருள்?

கனமான பனியிலும் குளிர்காற்றிலும் கொதியை நிலைநிறுத்தப் போராடுபவர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மணிக்கு 4 லிட்டர் ஆவியாக வேண்டுமென்றால் அதற்கே 2.5 கிலோவாட் வேண்டும். கடுங்காற்று பக்கச் சுவரிலிருந்து கணிசமான பங்கைப் பறித்துக்கொண்டால் கொதி அடங்கிப்போகும். முதலில் காற்றுத் தடுப்பை முயலுங்கள் என்றே சொல்வேன். அதுவும் போதாதபோது, எரியாத பொருள் மட்டும்.

வெல்டிங் வேலைக்கு விற்கும் கண்ணாடி இழைப் போர்வைகள் 500 டிகிரிக்கு மேல் தாங்கும் என்ற குறிப்போடு வருகின்றன; வாங்கும்போது அந்தக் குறிப்பைப் படியுங்கள். வீட்டுக் கூரைக்குப் போடும் சாதாரண கண்ணாடி இழைப் பஞ்சில், இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பிசின் கருகி நாற்றமும் புகையும் கிளப்பும். பாறையை உருக்கி இழையாக்கிய ராக் வூலிலும் அதே பிசின் தொல்லை உண்டு, இழை அதிகச் சூட்டைத் தாங்கினாலும். சூளைகளுக்கான செராமிக் இழைக் கம்பளி 1,260 டிகிரி வரைக்கும் தரம் குறிக்கப்பட்டது. சூட்டைப் பொறுத்தவரை அதற்கு இது விளையாட்டு. ஆனால் அதற்கு வேறொரு பிரச்சினை இருக்கிறது, அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

எதை எடுத்தாலும் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். அடியிலிருந்து குறைந்தது 10, 15 சென்டிமீட்டர் சுவர் வெறுமையாக இருக்கட்டும். கட்டுவதற்கு எவர்சில்வர் கம்பியோ ஸ்பிரிங்கோ பயன்படுத்துங்கள்; அலுமினிய டேப்பின் பசையும் வெல்க்ரோவும் சூட்டில் கைவிட்டுவிடும், அவிழ்ந்த நுனி தீக்குள் தொங்கும். தீ அண்டாவின் அடிப்பரப்புக்குள் அடங்கி எரிய வேண்டும். ஓரத்தைத் தாண்டிப் பக்கச் சுவரை நக்கினால் எந்த உறையும் பாதுகாப்பானது அல்ல.

செராமிக் இழை நுரையீரலுக்குக் கெடுதல் என்கிறார்களே?

கெடுதல்தான், தூசாகப் பறக்கும்போது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வகை இழையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியமுள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. உடலில் கரையக்கூடிய, கால்சியம், மெக்னீசியம் சிலிக்கேட்டால் ஆன இழைக் கம்பளி இப்போது கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். வெட்டும்போது நல்ல வடிகட்டி முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். வெட்டியதை இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே வைத்து முழுவதும் மூடிவிட வேண்டும். திறந்த இழை உதிர்ந்து சாற்றில் விழும், நாம் குடிக்கிற பானம் அது.

பழைய கட்டடத்திலிருந்து எடுத்த ஆஸ்பெஸ்டாஸ் துணியோ கயிறோ கைவசம் இருந்தால், தொடாதீர்கள். அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

வால்வையும் வெப்பமானியையும் உறைக்குள் மூடலாமா?

வேண்டாம். அவற்றைச் சுற்றி நான்கு விரல் அகலம் விட்டு உறையை வெட்டுங்கள். வால்வின் திருகு இணைப்பில் சுற்றியிருக்கும் வெள்ளை டேப் டெஃப்லான். 260 டிகிரி வரை தாங்கும், அதற்கு வெகுவாக மேலே போனால் சிதைந்து நச்சுப் புகை விடும். வெல்டிங் செய்யாமல் ரப்பர் வளையத்தால் இறுக்கிய இணைப்புகளில் கசிவு சாதாரணம். உறை மூடியிருந்தால் அந்தக் கசிவு வெளியே தெரியாது.

பொங்கி வழிந்து உறை நனைந்துவிட்டது. காய வைத்தால் சரியாகுமா?

அலசிக் காயவைக்கக்கூடிய துணி என்றால் சரியாகும். பஞ்சு வகை என்றால் தூக்கிப் போடுங்கள். வழிந்தது சர்க்கரைச் சாறு. பஞ்சுக்குள் ஊறியபின் அடுத்த முறை சூடேறும்போது கருகும், பற்றவும் கூடும். இடையில் பூஞ்சை வேறு பிடிக்கும். கொதி தொடங்கும் நிமிடங்களில் நுரை திடீரென்று எழும்பும். அப்போது அண்டாவை விட்டு நகராமல், தீயைக் குறைக்கக் கையைத் திருகிலேயே வைத்திருப்பதுதான் வழி.

கொதிக்கும்போது மூடியைப் போட்டு அதன்மேல் உறை போட்டால் சீக்கிரம் கொதிக்குமே?

கொதி வரும்வரை மூடி போடலாம், அது உண்மையிலேயே கேஸை மிச்சப்படுத்தும். கொதித்த பிறகு மூடியை எடுத்துவிட வேண்டும். மால்ட்டில் உள்ள ஒரு சேர்மம் கொதியில் டைமெத்தில் சல்ஃபைடாக மாறி ஆவியோடு வெளியேறுகிறது. மூடினால் அது மூடியில் குளிர்ந்து மீண்டும் சாற்றிலேயே சொட்டும். வெளிர் நிறமுள்ள பில்ஸ்னர் மால்ட்டில் இது அதிகம், பீரில் வேகவைத்த மக்காச்சோள வாடை அடிக்கும். பொங்கி வழிவதும் மூடிய அண்டாவில்தான்.

காற்றைத் தடுக்க பர்னரைச் சுற்றித் தகடு வைக்கலாமா?

காற்று வரும் பக்கம் மட்டும் வையுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால் இரண்டு கேடு. தீக்குக் காற்றுப் போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அடைபட்ட வெப்பம் கீழே திரும்பி ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் சுடும். சிலிண்டர் எப்போதும் தடுப்புக்கு வெளியே, குழாய் எட்டும் மட்டும் தள்ளியே இருக்க வேண்டும்.

நீண்ட நேரம் எரிக்கும்போது சிலிண்டரின் மேல் பனி படிந்து, தீ மெலிவதைக் காணலாம். திரவ புரொப்பேன் ஆவியாகும்போது சிலிண்டரிடமிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் வருவது அது. இதைப் பார்த்துவிட்டு சிலிண்டருக்குப் போர்வை போர்த்துவது வீண். வெளியிலிருந்து வரவேண்டிய வெப்பத்தைத்தான் போர்வை தடுக்கும். அதைச் சூடேற்ற முயல்வது பேராபத்து. தீயைக் குறையுங்கள், அல்லது பெரிய சிலிண்டருக்கு மாறுங்கள்.

வெளியே மைனஸ் 10 டிகிரி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கராஜுக்குள் காய்ச்சலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்கு வேறு விடை கிடையாது. 16 கிலோவாட் பர்னர் சமையலறை அடுப்பைப் போலப் பலமடங்கு கேஸை எரிக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுதலோடு அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, வாந்தி உணர்வு என்று தொடங்கி, எழுந்து வெளியே போகவேண்டும் என்ற நினைப்பையே மழுங்கடித்துவிடும். திறந்த கதவு ஒருபக்கம்தான் திறந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசும் என்பது நம் கையில் இல்லை. கராஜுக்கு மேலே படுக்கையறை இருக்கும் வீடுகளை நினைத்தால் எனக்கு நடுக்கமே வருகிறது.

நிலவறை இன்னும் மோசம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஒவ்வொரு முறையும் பற்றவைக்கும் முன் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

உறையில் தீப்பிடித்தால்?

முதலில் சிலிண்டரின் வால்வை மூடுங்கள், அதை எட்ட முடிந்தால். பிறகு ஏபிசி வகைத் தூள் தீயணைப்பான். எரியும் உறையைக் கையால் பிய்த்து இழுக்காதீர்கள். உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டும், இழுக்கிற வேகத்தில் அண்டாவும் கவிழலாம். சிலிண்டரை எட்ட முடியவில்லை என்றால் விலகி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள். பீர் போனால் போகட்டும்.

எப்போதும் உறையோடு இருக்கிற ஏற்பாடே வேண்டும். என்ன செய்வது?

மாஷை ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். சுற்றுலாவுக்கு எடுத்துப்போகும் கெட்டிச் சுவர் ஐஸ் பெட்டி, ஒரு மணி நேரத்துக்கு ஓரிரு டிகிரிக்குள் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கேஸ் அண்டா தண்ணீர் காய்ச்சவும் சாறு கொதிக்கவும் மட்டும் என்று ஆகிவிடும். தீயும் காப்பும் ஒரே பாத்திரத்தில் சந்திக்கவே வேண்டியதில்லை. என் முதல் பரிந்துரை இதுதான். இல்லையென்றால் உள்ளே மின்சுருள் பொருத்திய அண்டா. அதில் வெளிச்சுவர் 100 டிகிரியைத் தாண்டாது, புகையும் இல்லை. உறை போடுவது அங்கே முழுப் பலன் தரும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா?

முடியாது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது இங்கே குற்றம். அமெரிக்காவில் 1978இல் கூட்டாட்சி அரசு வீட்டுப் பீருக்கு வழிவிட்டது; இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை, விற்பனை கூடாது. பிரிட்டனில் 1963இலேயே உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. எந்த நாட்டில் இருந்தாலும் உள்ளூர்ச் சட்டத்தையும், வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும் பாருங்கள். அடுக்குமாடி பால்கனியில் புரொப்பேன் சிலிண்டரைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

ஏற்கெனவே உறை ஒட்டிய பழைய அண்டா ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

உறை எதனால் ஆனது என்று விற்பவரால் சொல்ல முடியவில்லை என்றால், உறைக்குத் தனி மதிப்பு கொடுக்காதீர்கள். அண்டாவின் விலையை மட்டும் பேசுங்கள். பழைய கட்டட வேலையில் மிஞ்சிய சாம்பல் நிறத் துணிபோல ஏதாவது தெரிந்தால், பிரிக்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். குமிழித் தாளோ ஃபோமோ என்றால் வாங்கிவந்து முழுவதையும் உரித்தெடுங்கள். ஒட்டியிருக்கும் பசையையும் சுரண்டிக் கழுவிவிட்டு, முதல் தடவை வெறும் தண்ணீரை மட்டும் திறந்த வெளியில் கொதிக்க வைத்துப் பாருங்கள். புகையோ நாற்றமோ வந்தால் பசை இன்னும் மிச்சமிருக்கிறது; மறுபடி சுரண்ட வேண்டும்.